உதவி வந்து நிற்கிறது... வாங்க ஆள் இருக்கிறதா?

ஐப்பசி பிறந்துவிட்டால் டெல்டாவில் எல்லோருக்கும் ஒரு பழக்கம் வந்துவிடும். காலையில் எழுந்ததும் முதலில் வானத்தைப் பார்ப்பது, அடுத்து போனில் வானிலைச் செய்தியைப் பார்ப்பது. சம்பா நட்ட வயல் அப்போதுதான் பச்சை பிடித்திருக்கும். 'வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வுநிலை' என்று ஒரு வரி வந்தால் போதும், பட்டுக்கோட்டையிலிருந்து வேதாரண்யம் வரை டீக்கடைகளில் வேறு பேச்சே இருக்காது. நடுவில் யாராவது ஒருவர், "கஜா மாதிரி வராம இருந்தா சரி" என்பார். உடனே எல்லோரும் ஒரு நிமிடம் அமைதியாகிவிடுவார்கள்.

கஜா புயல் கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16 அதிகாலை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே நுழைந்து நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களைப் புரட்டிப் போட்டது. 80,000-க்கும் மேற்பட்ட மக்களை முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுபோனதால் எத்தனையோ உயிர்கள் தப்பின. ஆனால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கம் லட்சக்கணக்கான தென்னைகள் வேரோடு விழுந்தன. பிள்ளைகளைப் போல வளர்த்த மரங்கள் என்று சொல்லிச் சொல்லி அழுதவர்களை டிவியில் பார்த்திருப்பீர்கள்.

புயல் போனதும் இன்னொன்று வந்தது. உதவி.

சென்னை, கோவை, திருப்பூர், மதுரை என்று எல்லா ஊர்களிலிருந்தும் லாரியிலும் வேனிலும் குட்டி யானையிலும் பொருள்கள் வந்தன. கல்லூரி மாணவர்கள், ஐ.டி. ஊழியர்கள், ரசிகர் மன்றத்துப் பிள்ளைகள், கட்சிக்காரர்கள், கோயில், சர்ச், பள்ளிவாசல் குழுக்கள் என்று கிளம்பி வந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. தமிழ்நாட்டுக்கு ஈரமான மனசு உண்டு என்பதில் சந்தேகமே வேண்டாம்.

அந்த ஈரம் போய்ச் சேர வேண்டிய வீடு வரை போய்ச் சேர்ந்ததா? அதைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறோம்.

சாலையோரத்தில் முடிந்த பயணம்

கஜா சமயத்தில் செய்திகளில் திரும்பத் திரும்ப வந்த காட்சி ஒன்று உண்டு. நெடுஞ்சாலையில் நிவாரண வண்டி வரும். ஓரத்தில் நிற்கும் கூட்டம் கை நீட்டி நிறுத்தும். வண்டியில் உள்ள பொருள் அங்கேயே தீர்ந்துவிடும். மூன்று கிலோமீட்டர் உள்ளே, வாய்க்காலைத் தாண்டி இருக்கும் குடியிருப்புக்கு ஒன்றும் போகாது. மறுநாளும் அதே சாலை, அதே கூட்டம்.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? சாலையில் நிற்பவர்களும் கூரை போனவர்கள்தான். வண்டியில் வந்த பிள்ளைகளுக்கு ஊர் தெரியாது, வழி தெரியாது. போன் டவர் இல்லை. மேப்பில் தெரியும் சாலையில் புளியமரம் குறுக்கே கிடக்கிறது. இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். 'யாருக்குக் கொடுத்தால் என்ன, எல்லோரும் பாதிக்கப்பட்டவர்கள்தானே' என்று கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.

கொண்டுவந்த பொருளும் தேவையான பொருளும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. கஜாவுக்குப் பிறகு பல ஊர்களில் மின்சாரம் வர நாள்கணக்கில், சில இடங்களில் வாரக்கணக்கில் ஆனது. மோட்டார் ஓடவில்லை என்றால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறாது. குடிக்கும் தண்ணீருக்காக ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து மோட்டார் ஓட்டிய ஊர்கள் ஏராளம். கூரை போன வீட்டுக்கு வேண்டியது தார்ப்பாய். தோப்பில் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்த மரங்களை அறுக்க மெஷினும், அதை ஓட்டத் தெரிந்த ஆளும் வேண்டும். இருட்டுக்கு மெழுகுவத்தி, தேங்கிய தண்ணீருக்குக் கொசுவத்தி. இதையெல்லாம் கிளம்பும் முன் ஒரு போன் செய்து கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் கேட்பதற்கு எந்த நம்பர்? யாரிடம்?

அதே கஜாவில் நன்றாக நடந்த வேலை ஒன்றையும் பாருங்கள். மின்வாரிய ஊழியர்கள் பல மாவட்டங்களிலிருந்தும், கேரளம் போன்ற வெளி மாநிலங்களிலிருந்தும் வந்தார்கள். சேற்று வயலில் இறங்கிக் கம்பம் நட்டார்கள். கிராமத்து ஆட்களும் கூடவே தோள்கொடுத்துக் கம்பம் தூக்கினார்கள், சோறு ஆக்கிப் போட்டார்கள். அவர்களும் வெளியூர்க்காரர்கள்தான், ஊர் தெரியாதவர்கள்தான். ஆனால் இன்று எந்த லைன், எத்தனை கம்பம், யார் பொறுப்பு என்று சொல்ல அங்கே ஒருவர் இருந்தார். அதனால் உழைப்பு வீணாகவில்லை.

நாகையில் போட்ட மேஜை

இதைவிடப் பெரிய பாடம் நமக்கு 2004-லேயே கிடைத்துவிட்டது. டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். அதில் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் நாகை மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். முதல் சில நாள்கள் உடல்களை எடுத்து அடக்கம் செய்ததில் உள்ளூர் இளைஞர்களுக்கும் இஸ்லாமிய அமைப்புகளின் தொண்டர்களுக்கும் பெரும் பங்கு உண்டு. எந்தப் பேரிடரிலும் முதலில் ஓடிவருவது பக்கத்துத் தெருக்காரர்தான்.

அடுத்த சில நாள்களில் உலகமே நாகைக்குத் திரும்பியது. நூற்றுக்கணக்கான தொண்டு நிறுவனங்கள் வந்து இறங்கின. வண்டி வண்டியாகப் பழைய துணிகள் வந்தன. கிழிந்ததும் அழுக்கானதுமாக வந்த துணிகளை மீனவர் குடும்பங்கள் தொடவில்லை. அவை சாலையோரம் மலையாகக் குவிந்து மழையில் நனைந்தன. வீடு வாசல் போனாலும் மானம் போகவில்லையே! பிறகு டெல்லியின் கூஞ்ச் அமைப்பு அந்தத் துணிகளைச் சேகரித்துப் பிரித்து, பயன்படும் பொருளாக மாற்றும் வேலையில் இறங்கியது. யோசித்துப் பாருங்கள், உதவியாக வந்த பொருளைச் சுத்தம் செய்யவே தனியாக ஓர் உதவி தேவைப்பட்டது.

அப்போது தஞ்சாவூர் கலெக்டராக இருந்த ஜெ.ராதாகிருஷ்ணன் நாகைக்கு மாற்றப்பட்டார். வந்து குவிந்த அமைப்புகளை ஒழுங்குபடுத்த, கலெக்டர் அலுவலகத்திலேயே ஓர் ஒருங்கிணைப்பு மையம் தொடங்கப்பட்டது. அதை முன்னின்று நடத்தியவை மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸும், நாகையில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்த சினேகா அமைப்பும். இரண்டுமே கடற்கரைக் கிராமங்களை நன்றாக அறிந்தவை.

அந்த மையம் செய்த வேலை கேட்பதற்கு மிகச் சாதாரணமானது. யார் வந்திருக்கிறார்கள், என்ன கொண்டுவந்திருக்கிறார்கள் என்று எழுதுவது. எந்தக் கிராமத்தில் என்ன குறை என்று தகவல் திரட்டுவது. இரண்டையும் பொருத்துவது. எல்லோரையும் உட்காரவைத்துப் பேசுவது. ஒரே கிராமத்துக்குப் பத்துக் குழுக்கள் போவதைத் தடுத்து, ஒருவரும் போகாத கிராமத்துக்குத் திருப்பிவிடுவது. ஒரு மேஜை, சில நாற்காலிகள், நோட்டுகள், ஊரை அறிந்த சில மனிதர்கள். நாகையின் மீட்பு வேலை பல நாடுகளில் பேசப்பட்டதற்கு இந்த மையமும் ஒரு காரணம்.

அப்படியும் விடுபட்டவர்கள் இருந்தார்கள். கடலோரக் குப்பங்கள்தான் எல்லோர் கண்ணிலும் பட்டன. பின்னால் இருந்த விவசாயக் கூலிகள், தலித் குடியிருப்புகள், இருளர் குடும்பங்கள் தங்களுக்கு நிவாரணம் ஒழுங்காக வரவில்லை என்று சொன்னதும் பதிவாகியிருக்கிறது. பட்டியலில் பெயர் இல்லாதவருக்குப் பசி இல்லை என்று ஆகிவிடக்கூடாது. அதனால்தான் யார் அந்தப் பட்டியலை எழுதுகிறார்கள் என்பது அவ்வளவு முக்கியமாகிறது.

ஜப்பானிலும் இதே கதை

இது நம் ஊருக்கு மட்டும் வந்த குழப்பம் என்று நினைக்க வேண்டாம். 1957-லேயே ஃப்ரிட்ஸ், மேத்யூசன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதை எழுதிவைத்திருக்கிறார்கள். ஓரிடத்தில் பேரிடர் நடந்தால், சுற்றிலும் இருந்து மனிதர்கள், செய்திகள், பொருள்கள் மூன்றும் அந்த இடத்தை நோக்கிப் பாயும். அந்தப் பாய்ச்சலைச் சமாளிப்பதே தனி வேலையாகிவிடும் என்றார்கள். அப்போது வாட்ஸ்ஆப் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்!

ஜப்பானின் கோபே நகரத்தில் 1995 ஜனவரி 17 அதிகாலை பெரும் நிலநடுக்கம். 6,400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள் உதவிக்குக் கிளம்பி வந்தார்கள். பலருக்கு அதுதான் முதல் அனுபவம். அவர்களை எங்கே அனுப்புவது என்று நகராட்சி அலுவலகங்களே திணறின. அந்த ஆண்டையே 'தொண்டர்களின் முதல் ஆண்டு' என்று ஜப்பானியர்கள் சொல்கிறார்கள். ஜனவரி 17 அங்கே பேரிடர் தடுப்புக்கும் தொண்டர்களுக்கும் உரிய நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

அதோடு அவர்கள் நிறுத்தவில்லை. இப்போது அங்கே வெள்ளமோ நிலநடுக்கமோ வந்தால், உள்ளூர் சமூகநல மன்றம் ஒரு தொண்டர் மையத்தைத் திறக்கிறது. 'எங்கள் வீட்டில் சேறு அள்ள நான்கு பேர் வேண்டும்' என்று பாதிக்கப்பட்ட குடும்பம் அங்கே சொல்லும். தொண்டராக வருபவர் பெயர் பதிந்து, காப்பீடு எடுத்து, சின்னக் குழுவில் சேர்ந்து அந்த வீட்டுக்குப் போவார். வேலை முடிந்ததும் திரும்பி வந்து என்ன முடிந்தது, என்ன பாக்கி என்று சொல்லிவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்புவார்.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரத்தில் 2010, 2011 நிலநடுக்கங்களின்போது சாம் ஜான்சன் என்ற கல்லூரி மாணவர் ஃபேஸ்புக் வழியாக ஒரு மாணவர் படையைத் திரட்டினார். தரையிலிருந்து பொங்கிய வண்டல் மண் வீடுகளையும் தெருக்களையும் மூடியிருந்தது. ஆயிரக்கணக்கான மாணவர்கள் மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாகப் போய் அதை அள்ளினார்கள். இடிபாட்டில் சிக்கியவர்களை மீட்பது பயிற்சி பெற்றவர்களின் வேலை என்று விட்டுவிட்டு, தங்களால் முடிந்த ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் அவர்கள் யாருக்கும் இடைஞ்சலாக இல்லை.

நமக்கு இது புதிதா?

காவிரிக் கரைக்கு இது புதிதே அல்ல. குடிமராமத்து என்ற சொல்லை டெல்டாவில் பிறந்த எல்லோரும் கேட்டிருப்பார்கள். வாய்க்கால் தூர்வார, கரையைப் பலப்படுத்த ஊரே ஆள் அனுப்பும். ஆற்றில் வெள்ளம் புரண்டு கரை உடையும் நிலை வந்தால் ஊர்க்காரர்களைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்க, சென்னை மாகாணத்தில் 1858-ல் ஒரு சட்டமே போடப்பட்டது. வழக்கமான குடிமராமத்து வேலையை வற்புறுத்திக் கேட்கவும் அதில் இடம் இருந்தது.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. மண் சுமந்தவர்களில் சொந்தமாக நிலம் இல்லாதவர்கள்தான் அதிகம். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கரை உடைந்த பிறகு 'யார் வருவீர்கள்' என்று யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஆள் எங்கிருந்து வரும், எந்த மதகில் நிற்கும், யார் சொல்வதைக் கேட்கும் என்பது தண்ணீர் வருவதற்கு முன்பே தெரிந்திருந்தது.

இன்றைக்கும் அரசு சில ஏற்பாடுகளைச் செய்துவைத்திருக்கிறது. பாதிப்பு வரக்கூடிய ஊர்களில் முதல்நிலை மீட்பாளர்கள் பட்டியல் உண்டு. மரம் அறுக்க, கால்நடைகளைக் காப்பாற்ற என்று தனித்தனியாகவும் ஆட்கள் சேர்க்கப்படுகிறார்கள். மத்திய அரசின் 'ஆப்த மித்ரா' திட்டத்தில், நாடு முழுவதும் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தொண்டர்களுக்கு 12 நாள் பயிற்சி என்று இலக்கு வைக்கப்பட்டது. உங்கள் ஊரில் அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் வி.ஏ.ஓ.விடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

வாசல், உக்கிராணம், பந்தி

சரி, வெளியூரிலிருந்து 20 பேர் ஒரு வேனில் வந்து இறங்குகிறார்கள். ஊர் என்ன செய்ய வேண்டும்?

தஞ்சாவூர்ப் பக்கம் கல்யாணம் பார்த்தவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆயிரம் பேர் வரும் கல்யாணத்தை எப்படிச் சமாளிக்கிறோம்? வாசலில் வருகிறவர்களை 'வாங்க' என்று அழைக்க ஒருவர். உக்கிராண அறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, எது எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவைத்திருக்கும் ஒருவர். பந்தியில் யார் இலை காலியாக இருக்கிறது என்று பார்த்து விசாரிக்க ஒருவர். இந்த மூன்று பேர் சரியாக அமைந்துவிட்டால் கல்யாணம் நடந்துவிடும். புயலுக்கும் இதே மூன்று பேர் போதும்.

வாசல்: ஊருக்குள் நுழையும் இடத்தில், பஸ் ஸ்டாப்போ பள்ளிக்கூடமோ, ஒரு மேஜை போடுங்கள். உதவிக்கு வருகிற எல்லோரும் முதலில் அங்கே வர வேண்டும். நோட்டில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: பெயர், ஊர், போன் நம்பர், எத்தனை பேர், என்ன வேலை தெரியும், எந்தத் தெருவுக்கு அனுப்பினோம், எத்தனை மணிக்குத் திரும்பினார்கள். எந்தக் கட்சி, எந்தச் சங்கம், எந்தச் சாமி என்றாலும் ஒரே நோட்டுதான். கடைசிக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். சாயங்காலம் ஒருவர் திரும்பவில்லை என்றால் அதுதான் உங்களுக்குச் சொல்லும்.

இந்த நாற்காலியில் உட்கார யார் சரியான ஆள்? 100 நாள் வேலையில் பெயர் எழுதி, ஆள் பிரித்து, வேலை அளந்து பழகிய பணித்தளப் பொறுப்பாளர் உங்கள் ஊரில் இருப்பார். பெரும்பாலும் ஒரு பெண். மகளிர் குழுவில் கணக்கு எழுதும் அக்காவும் இருப்பார். ஊரில் எல்லோரையும் பெயர் சொல்லி அழைக்கக் கூடியவர்கள் இவர்கள். மைக் பிடிப்பவரைவிட நோட்டுப் பிடிப்பவர்தான் அன்றைக்கு வேண்டும்.

உக்கிராணம்: வருகிற பொருள் எல்லாம் ஒரே இடத்தில் இறங்கட்டும். அரிசி எத்தனை மூட்டை, தார்ப்பாய் எத்தனை, நாப்கின், குழந்தைகளுக்குப் பால் பவுடர், பாட்டரி எத்தனை என்று ஒரு போர்டில் எழுதி எல்லோருக்கும் தெரிய வையுங்கள். கணக்கு கண்ணெதிரே இருந்தால் பாதிச் சண்டை வராது. இவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. வேண்டாததை மரியாதையாக வேண்டாம் என்று சொல்வது. "தம்பி, சாப்பாடு இன்னிக்குப் போதும்ப்பா. தொட்டிக்குத் தண்ணி ஏத்தணும், ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கித் தர முடியுமா?" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வந்தவர்களுக்கும் அதில்தான் நிம்மதி.

பந்தி: பங்கீடு எப்போதும் ஊரின் கடைசியிலிருந்து தொடங்கட்டும். வாய்க்கால் கரையில், புறம்போக்கில், காலனியில் இருப்பவர்கள் முதலில். ரோட்டோரத்துக்காரர்கள் பிறகு. ரேஷன் கார்டு இல்லாதவர், வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து செங்கல் சூளையில் தங்கியிருப்பவர், தனியாக இருக்கும் பாட்டி எல்லோருக்கும் இலை உண்டு. இதற்குத் தெருவாரியாக ஒரு பட்டியல் வேண்டும். எத்தனை வீடு, கூரை வீடு எத்தனை, கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், நடக்க முடியாதவர்கள், சுகர், பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள், மாடு எத்தனை என்று அதில் இருக்க வேண்டும். அங்கன்வாடி ஊழியருக்கு இதில் பாதி மனப்பாடமாகவே தெரியும். காலனியைச் சேர்ந்த ஒருவர் இந்த வேலையில் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசித் தெரு கடைசியிலேயே நின்றுவிடும்.

மூன்று பேரும் தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். இன்று என்ன முடிந்தது, நாளைக்கு என்ன வேண்டும்? அந்த 'நாளைக்கு என்ன வேண்டும்' என்ற பட்டியலைத் தேதி போட்டு வாட்ஸ்ஆப்பில் விடுங்கள். தேதி இல்லாத செய்தி பத்து நாள் கழித்தும் சுற்றிக்கொண்டே இருக்கும். பால் பவுடர் வேண்டாத நாளில் பால் பவுடர் வந்து இறங்கும்.

கிளம்பும் பிள்ளைகளுக்கு...

உதவி செய்யப் போகும் தம்பி தங்கைகளுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

போன் செய்து கேட்காமல் கிளம்பாதீர்கள். ஊரில் தெரிந்தவர் இல்லையென்றால் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077, மாநில எண் 1070 இருக்கின்றன. எந்த ஊருக்கு இன்னும் யாரும் போகவில்லை என்று கேளுங்கள்.

உங்கள் சாப்பாடு, தண்ணீர், படுக்கை, டார்ச், பவர் பேங்க் உங்களோடு வரட்டும். கூரை போன வீட்டில் உங்களுக்குக் காபி போடும் கடமையை வைத்துவிடாதீர்கள். பெண்கள் குழுவில் இருந்தால், எங்கே தங்குவது, கழிப்பறை உண்டா என்பதை முன்பே பேசி முடிவு செய்யுங்கள்.

அறுந்து கிடக்கும் ஒயரில் கரன்ட் இல்லை என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். மரம் அறுக்கும் மெஷினை அதில் பழகியவர் மட்டும் தொடட்டும். விழுந்த மரக்குவியலிலும் ஓலைக்கு அடியிலும் பாம்பு இருக்கும். கிளம்பும் முன் டி.டி. ஊசி போட்டுக்கொண்டீர்களா என்று பாருங்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் எலிக்காய்ச்சல் பரவியது. நிவாரண வேலைக்குப் போனவர்களையும் அது விடவில்லை. வெள்ள நீரில் இறங்கும் வேலை என்றால் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு அவர் சொல்லும் மாத்திரையைச் சாப்பிடுங்கள். காலில் புண் இருந்தால் சேற்றில் இறங்க வேண்டாம்.

கொடுத்த வேலையைச் செய்யுங்கள். சேறு அள்ளச் சொன்னால் சேறு அள்ளுங்கள், மூட்டை எண்ணச் சொன்னால் எண்ணுங்கள். போட்டோ எடுப்பதாக இருந்தால் வாங்குகிறவர் முகத்தை விட்டுவிடுங்கள். வாழ்நாள் முழுக்க நாலு பேருக்குச் சோறு போட்ட விவசாயி, பிரெட் பாக்கெட் வாங்கும் படம் அவர் பேத்தியின் போனில் வர வேண்டுமா?

31-ம் நாள் யார் வருவார்?

எல்லாப் பேரிடரிலும் ஒரு கணக்கு உண்டு. முதல் வாரம் ஊர் தாங்காத கூட்டம். இரண்டாம் வாரம் பாதி. ஒரு மாதம் ஆனால் யாரும் இல்லை. ஆனால் கஷ்டம் அதே வரிசையில் குறைவதில்லை. கஜாவில் விழுந்த தென்னைகளை வெட்டி அப்புறப்படுத்தவே பெரும் செலவு ஆனது. புதிதாக வைத்த நெட்டைக் கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் வேண்டும். அதுவரை அந்தக் குடும்பத்துக்கு என்ன வருமானம்? பயிர்ச்சேத விண்ணப்பம் எழுத, வெள்ளத்தில் போன ஆதார், பட்டா, மார்க்‌ஷீட் நகல் வாங்க, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர 31-ம் நாளிலும் ஆள் தேவைப்படுகிறது.

அதனால் வாசலில் எழுதிய நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வந்த 200 பேரின் போன் நம்பர் அதில் இருக்கிறது. ஒரு மாதம் கழித்து, "அன்னிக்கு வந்தீங்களே, இன்னொரு சனிக்கிழமை வர முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் இரண்டு பேர் வந்தாலும் லாபம்தான். வந்தபோது ஒழுங்காக நடத்தப்பட்டவர், தன் உழைப்பு வீணாகவில்லை என்று கண்ணால் பார்த்தவர், மறுபடியும் வருவார். ஒரு நாள் முழுக்க எங்கே போவது என்று தெரியாமல் வேனில் உட்கார்ந்திருந்தவர் வரமாட்டார்.

சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் சொந்தங்களுக்கும் ஒரு வார்த்தை. பொருள் வாங்கி அனுப்பும் செலவில் பாதி லாரி வாடகைக்கே போய்விடும். மன்னார்குடிக் கடையிலும் திருத்துறைப்பூண்டிக் கடையிலும் அரிசியும் தார்ப்பாயும் கிடைக்கிற நிலை வந்ததும் பணமாக அனுப்புங்கள், கணக்குக் கேளுங்கள். கடைக்காரரும் புயலில் அடிபட்டவர்தானே, அவருக்கும் வியாபாரம் நடக்கட்டும்.

தீபாவளிக்கு ஒரு மணி நேரம்

2018-ல் தீபாவளி நவம்பர் 6-ம் தேதி. கஜா வந்தது சரியாகப் பத்து நாள் கழித்து. சென்னையிலும் திருப்பூரிலும் வேலை செய்யும் பிள்ளைகள் எல்லாம் ஊருக்கு வந்து, பலகாரம் சாப்பிட்டு, திரும்பிப் போன கொஞ்ச நாளில் புயல் அடித்தது.

இந்தத் தீபாவளிக்கும் வீடு நிறைய ஆள் இருக்கும். எண்ணெய்க் குளியல், பட்டாசு, புதுப்படம் எல்லாம் முடிந்த பிறகு, மறுநாள் காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கோயில் வாசலிலோ பள்ளிக்கூடத்திலோ உட்காருங்கள். வாசலுக்கு யார், உக்கிராணத்துக்கு யார், பந்திக்கு யார் என்று மூன்று பெயர்கள். ஒவ்வொருவருக்கும் மாற்றாக இன்னொருவர். மரம் அறுக்கும் மெஷின் யார் வீட்டில் இருக்கிறது, ஜெனரேட்டர் எங்கே கிடைக்கும், டிராக்டர் யாரிடம், நர்ஸ் படித்த பெண் எந்தத் தெருவில் என்று ஒரு பக்கம். தெருவாரிப் பட்டியல் மறுபக்கம். ஒரு பிரதி ஊராட்சி அலுவலகத்தில், ஒன்று வி.ஏ.ஓ.விடம், ஒன்று சென்னையில் இருக்கும் உங்கள் ஊர்ப் பிள்ளையின் போனில். டெல்டாவில் டவர் விழுந்தாலும் அங்கிருந்து அவர் நான்கு பேரிடம் பேச முடியும்.

நோட்டின் விலை 40 ரூபாய் இருக்கும். புயல் வராமல் போனால் ரொம்ப சந்தோஷம். அடுத்த வருஷம் தேதியை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்.